வளங்குன்றா வளர்ச்சி: சொல்லும் அதன் அளவுகோலும்

‘சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்’ என்ற ஒரே தொடருக்குத் தமிழில் ஐந்து பெயர்களாவது உலவுகின்றன. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ‘நீடித்த நிலையான வளர்ச்சி’, செய்தித்தாள்களில் ‘நிலையான வளர்ச்சி’, இணையக் கட்டுரைகளில் ‘பேண்தகு வளர்ச்சி’, சூழலியல் எழுத்தில் ‘வளங்குன்றா வளர்ச்சி’, இலங்கையில் ‘நிலைபேறான அபிவிருத்தி’. ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது தமிழுக்குப் புதிதல்ல. இங்கே சிக்கல் வேறு. அந்த வளர்ச்சியை நோக்கி ஓர் அரசோ நிறுவனமோ எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று மதிப்பிட உட்காரும்போது, மனத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதற்கேற்பவே எண்ணத் தொடங்குகிறோம்.

சொல்லின் பிறப்பிடம் காடு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஃப்ரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்களுக்குத் தலைமை நிர்வாகியாக இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். வெள்ளியை உருக்கும் உலைக்கும் சுரங்கத்தைத் தாங்கும் முட்டுகளுக்கும் மரம் வேண்டும். சுற்றிலும் இருந்த காடு கரைந்துகொண்டிருந்தது. 1713இல் அவர் வெளியிட்ட வனவியல் நூலில், மரத்தைத் தொடர்ந்து கிடைக்கும்படியாகப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல ‘நாஹ்ஹால்டெண்ட்’ என்ற சொல்லைக் கையாண்டார். பின்னுக்கும் நீடித்து நிற்பது என்பது அதன் பொருள். ஓராண்டில் காடு எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேல் வெட்டாதே என்பதுதான் அதன் பின்னே இருக்கும் கணக்கு. ஜெர்மானிய வனவியலாளர் வழியாக இந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குப் போனது. இந்தியாவுக்கும் வந்தது. 1864இல் இங்கே வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்ற டீட்ரிஷ் பிராண்டிஸ் ஜெர்மானியர்தாம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘கீழிருந்து தாங்கு’ என்று பொருள்படுவது. அது வளர்ச்சியோடு கைகோத்து உலகெங்கும் பரவியது 1987இல். நார்வேப் பிரதமர் க்ரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையில் ஐ.நா. அமைத்த ஆணையம், இன்றைய தேவைகளை நிறைவு செய்துகொள்ளும்போது, வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலுக்குக் குந்தகம் வராமல் பார்த்துக்கொள்ளும் வளர்ச்சி என்று அதற்கு வரையறை தந்தது. கவிதை போன்ற வரையறை. ஆனால் கார்லோவிட்ஸின் மரக்கணக்கில் இருந்த கறார் இதில் இல்லை. வருங்காலத் தலைமுறையின் ஆற்றலை எந்தப் படியால் அளப்பது?

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். ‘நிலையான வளர்ச்சி’ எளிமையானது, ஆனால் ஆபத்தானது. ரிசர்வ் வங்கி ‘நிலையான வளர்ச்சி’ என்று பேசினால், பொருளாதாரம் தடுமாறாமல் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருப்பதைத்தான் வாசகர் புரிந்துகொள்வார். ஆற்றை வற்றவைத்துக்கொண்டே ஆண்டுக்கு ஏழு சதவீதம் வளரலாம், அதுவும் ‘நிலையான’ வளர்ச்சிதான். ‘நீடித்த’ என்ற முன்னொட்டைச் சேர்த்தாலும் குழப்பம் தீரவில்லை, ஒன்றுக்கு இரண்டாக நின்று கால அளவைத்தான் அழுத்துகின்றன. இதோடு இன்னொரு குறையும் உண்டு. ஆங்கிலத்தில் அளவில் பெருப்பதும் (‘க்ரோத்’) தரத்தில் மேம்படுவதும் (‘டெவலப்மென்ட்’) இரு சொற்கள். நாம் இரண்டையும் ‘வளர்ச்சி’க்குள் போட்டுவிட்டோம். இலங்கையின் ‘அபிவிருத்தி’ வடசொல்லாக இருந்தாலும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது. ‘நிலைபேறு’ம் நல்ல பழஞ்சொல். அங்கே 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமே இந்தத் துறைக்கென்று இருக்கிறது. வேரூன்றிவிட்ட வழக்கைத் தமிழ்நாட்டிலிருந்து திருத்தப் போவது வீண் வேலை.

‘பேண்தகு’ கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் போற்றத்தகு, மதிக்கத்தகு என்பவற்றைப் போலவே இதுவும் ‘பேணுவதற்குரிய’ என்றே பொருள் தரும். பேண வேண்டியது வளர்ச்சியா, வளமா? சொல் வளர்ச்சியைக் காட்டுகிறது. உண்மையில் பேண வேண்டியது வளர்ச்சியைத் தாங்கி நிற்கும் மண்ணையும் நீரையும் மக்களையும்.

‘வளங்குன்றா’ இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது: குன்றக் கூடாதது வளம். புதிதாகக் கட்டிய சொல் என்று பலர் நினைக்கலாம். குறளில் நாடு என்னும் அதிகாரத்தில், ‘கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை’ என்று 736ஆம் குறள் இதே வடிவில் வைத்திருக்கிறது. கெட்ட காலத்திலும் வளம் குறையாத நாடே தலைசிறந்தது. 1987ஆம் ஆண்டு வரையறையைவிட இது கெட்டியானது என்பேன். நல்ல ஆண்டின் கணக்கை மட்டும் காட்டி இங்கே தப்பிக்க முடியாது. பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘வளங்குன்றாமை’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாதலால் பின்னே வல்லினம் மிகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: வளங்குன்றாத் தொழில், வளங்குன்றாக் கட்டுமானம்.

இனி மதிப்பீடு. 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. புவி மாநாட்டின் செயல்திட்டமே இதற்கான குறிகாட்டிகளை உருவாக்கச் சொல்லிவிட்டது. 1996 நவம்பரில் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள், முன்னேற்றத்தை மதிப்பிடுவதற்குப் பத்து நெறிகளை வகுத்தார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தது ஒளிவுமறைவின்மை. மதிப்பிடுகிறவர் எந்தத் தரவை எடுத்தார், எதை ஊகித்தார், எங்கே தன் தீர்ப்பைச் செலுத்தினார் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அது. மற்ற ஒன்பதை எல்லோரும் மேடையில் ஒப்புக்கொள்வார்கள், இது மட்டும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்துக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் கலைச்சொல்லும் கலங்கிப்போகிறது. தனி அளவு ஒன்று, பல அளவுகளைக் கூட்டிச் சமைத்த எண் இன்னொன்று. தமிழ்நாட்டு எழுத்தில் இரண்டும் ‘குறியீடு’ ஆகிவிடுகின்றன. தனி அளவைக் ‘குறிகாட்டி’ என்றும், கூட்டு எண்ணைக் ‘குறியீட்டெண்’ என்றும் எழுதுவதே சரி. வேதியியல் பாடத்தில் ‘நிறங்காட்டி’ படித்தவர்களுக்குக் ‘காட்டி’ அந்நியமல்ல.

வேறுபாடு வெறும் இலக்கணமல்ல என்பதற்கு ஒன்றிய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் குறியீட்டெண்ணைப் பாருங்கள். ஐ.நா. 2015இல் ஏற்ற 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளை வைத்து மாநிலங்களுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறது. 2018இல் இந்தியாவுக்கு 57, அடுத்து 60, பிறகு 66, 2023-24இல் 71. தமிழ்நாடு அந்த ஆண்டில் 78 பெற்று, 79 பெற்ற கேரளத்துக்கும் உத்தராகண்டுக்கும் அடுத்து நின்றது. ஏறுமுகம்தான். ஆனால் முதல் பதிப்பில் இருந்த குறிகாட்டிகள் 62, அடுத்ததில் 100, அதன் பின் 115, கடைசியாக 113. அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கும்போது 57ஐயும் 71ஐயும் அருகருகே வைத்து ‘14 புள்ளி முன்னேற்றம்’ என்று தலைப்பிடுவது கணக்காகாது.

அந்தக் கூட்டு எண்ணுக்குள் ஒரு குறிகாட்டி ஒளிந்திருக்கிறது. நிலத்தடி நீர் எவ்வளவு கிடைக்கிறது, அதில் எத்தனை சதவீதம் எடுக்கிறோம் என்பது. தமிழ்நாட்டில் இதைக் குறுவட்டம் (வட்டத்துக்குக் கீழுள்ள வருவாய்ப் பிரிவு, ‘பிர்கா’) குறுவட்டமாகக் கணக்கிடுகிறார்கள். மழையாலும் ஏரி, கால்வாய்க் கசிவாலும் ஓராண்டில் ஊறுவதில், இயற்கையாக வெளியேறுவதைக் கழித்தால் எடுக்கத்தக்க அளவு வரும். எடுத்தது அதில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பாதுகாப்பானது. 90ஐத் தாண்டினால் அபாயம். 100ஐத் தாண்டினால் அதிநுகர்வுக் குறுவட்டம். கார்லோவிட்ஸின் மரக்கணக்கேதான், மரத்துக்குப் பதில் தண்ணீர். எல்லை எங்கே என்று சொல்லும் குறிகாட்டி இது. ஆனால் குறியீட்டெண்ணில் கழிப்பறை, குடிநீர் வசதி போன்ற குறிகாட்டிகளோடு இதுவும் சராசரியில் கரைகிறது. கழிப்பறை எண்ணிக்கை ஏறினால், கிணறு வற்றியதற்குப் பறிபோன மதிப்பெண் ஈடாகிவிடும். கழிப்பறை வேண்டியதுதான். அது கிணற்றில் நீரைக் கொண்டுவராது.

நிறுவனங்களின் பக்கம் வந்தால் கதை இன்னும் சுவையானது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்கள் தம் சமூக, சூழல் பொறுப்பு பற்றிய அறிக்கையை 2022-23ஆம் நிதியாண்டிலிருந்து கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருக்கிறது. அதில் நீருக்கென்று ஓர் அட்டவணை. ஆறு, ஏரியிலிருந்து எத்தனை கிலோலிட்டர், நிலத்தடியிலிருந்து எத்தனை, வெளியாரிடம் வாங்கியது எத்தனை, கடல்நீர் எத்தனை என்று வரிசையாகக் கேட்கிறது. அதன் கீழே நீர்ச்செறிவு, அதாவது விற்றுமுதலில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு நீர் செலவானது என்ற கணக்கு.

ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு 100 கோடி ரூபாய்க்கு விற்று ஒரு லட்சம் கிலோலிட்டர் நீரைச் செலவிட்டது. இந்த ஆண்டு விற்பனை 150 கோடி, நீர் ஒரு லட்சத்து இருபதாயிரம். கோடிக்கு 1000 கிலோலிட்டராக இருந்தது 800 ஆகிவிட்டது. ‘நீர்ச்செறிவை 20 சதவீதம் குறைத்தோம்’ என்று பளபளப்பான தாளில் அச்சிடலாம், அதில் பொய் ஏதுமில்லை. அதே ஆண்டில் அந்த ஆலை 20 சதவீதம் கூடுதலாகத் தண்ணீர் குடித்திருக்கிறது என்பதும் பொய்யில்லை. பொருளின் விலையை ஏற்றி விற்றாலே செறிவு தானாகக் குறையும், ஒரு குழாயைக்கூட அடைக்க வேண்டியதில்லை. இதை உணர்ந்துதானோ என்னவோ, 2023இல் திருத்திய படிவத்தில் உற்பத்தி அளவுக்கேற்ற செறிவையும் கேட்கத் தொடங்கினார்கள். அதுவும் அந்த ஊரின் நிலத்தடியில் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லாது. ‘நிலையான வளர்ச்சி’ என்று எண்ணிப் படிப்பவர் செறிவு வரியோடு நின்றுவிடுவார். ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்று எண்ணிப் படிப்பவர் மேலே போய் நிலத்தடி நீர் வரியைத் தேடுவார், பிறகு ஆலை எந்தக் குறுவட்டத்தில் இருக்கிறது என்று கேட்பார்.

இந்தச் சொல் எங்கும் பொருந்துமா என்றால், இல்லை. இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோது, அதன் கடன் தாங்கும் அளவைக் கடந்துவிட்டது என்று பன்னாட்டு நாணய நிதியம் மதிப்பிட்டிருந்தது. தமிழ்ச் செய்திகளில் அப்போது ‘கடன் நிலைத்தன்மை’ என்ற தொடர் புழங்கியது. கடன் நிலைத்து நிற்பதில் யாருக்கு மகிழ்ச்சி? ‘வளங்குன்றாக் கடன்’ என்றாலும் சிரிப்புத்தான் வரும். அங்கே ‘தாங்கத்தக்க கடன்’, ‘கடன் தாங்குதிறன்’ என்று எழுதுவதே முறை. லத்தீன் வேரும் அதைத்தான் சொல்கிறது. காடு, மீன்பிடி, வேளாண்மை, நீர், தொழில், இவற்றின் மொத்தமான வளர்ச்சி என்று வருமிடங்களில் ‘வளங்குன்றா’வைத் தயங்காமல் எழுதலாம்.