விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

பிசியோதெரபி உதவியாளர் படிப்புக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், எக்சர்சைஸ் எப்போ சொல்லித் தருவீங்க?" முதல் வாரம் நான் எந்தப் பயிற்சியும் சொல்லித் தருவதில்லை. நோயாளியைக் கட்டிலில் புரட்டுவது, எழுப்பி உட்கார வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது, சட்டை போட்டுவிடுவது, இவ்வளவுதான். பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், முகத்திலேயே தெரியும். ஆனால் நான் பார்த்தவரையில், பக்கவாதம் வந்தவரின் தோள் கெட்டுப்போவது பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிற அவசரத்திலும் சட்டை மாற்றுகிற அவசரத்திலும்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையும் காலும் விழுந்து மூன்றாவது வாரம், பேச்சும் வரவில்லை. கால் நன்றாகத் தேறி வந்தது, எனக்கும் உற்சாகமாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை போனால் கையைத் தொடவே விடவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "சனிக்கிழமை கட்டில்ல இருந்து எழுப்பறப்போ கையைப் பிடிச்சு இழுத்தாங்க சார், அப்போ இருந்தே முகத்தைச் சுளிச்சுக்கிட்டே இருக்கார்." இழுத்தவர் வார்டில் உதவிக்கு இருந்த ஒரு பையன். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். காலை நடக்க வைக்கிற மும்முரத்தில் தோளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஐந்தாறு வாரம் அந்த வலியோடுதான் மல்லுக்கட்டினோம். அந்த நாட்களில் அவர் அந்தக் கையால் ஒரு டம்ளரைப் பிடிக்கப் பழகியிருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தோள் ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படி இல்லை. மேற்கை எலும்பின் தலை பெரியது, அது உட்காரும் கிண்ணமோ சின்னது, ஆழமும் கிடையாது, கிட்டத்தட்ட ஒரு தட்டு மாதிரி. கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்காக உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு இது. பந்தை அந்தத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது முக்கியமாகச் சுற்றியுள்ள நான்கு தசைகள்: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். பரீட்சைக்காக இந்தப் பெயர்களை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் இந்தத் தசைகள் துவண்டு கிடக்கும் என்பதை மட்டும் அந்தப் பெயர்களோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஒருவருடைய கை அவர் உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் இருக்கும். 60 கிலோ ஆள் என்றால் 3 கிலோ. பிடித்து நிறுத்தத் தசை இல்லாமல் 3 கிலோ எடை நாள் முழுக்கத் தொங்கினால் மூட்டு மெல்லக் கீழே இறங்கத்தான் செய்யும். அந்த நிலையில் நாமும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்?

இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, கையைச் சில நொடிகள் மட்டும் தாங்கல் இல்லாமல் விட்டு, தோளின் மேல் விளிம்பில் இருக்கும் எலும்புக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். மூட்டு இறங்கியிருந்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதில் ஒரு விரல் போகிறதா, அரை விரலா என்று மறுபக்கத் தோளோடு ஒப்பிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். பள்ளம் இருக்கிற எல்லோருக்கும் வலி இருக்காது, வலி இருக்கிற எல்லோருக்கும் பள்ளம் இருக்காது. ஆகவே வலி இல்லை என்பதற்காகக் கவனிக்காமல் விடக்கூடாது. பேச முடியாதவர் என்றால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது. சரி, அப்படியானால் எப்படித்தான் எழுப்புவது? நாற்காலியை நோயாளியின் பலமான பக்கத்தில், கட்டிலுக்குக் கொஞ்சம் சாய்வாக வையுங்கள். வீல்சேர் என்றால் பிரேக் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள். நோயாளியைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் பதிந்து முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி செய்யுங்கள். பலவீனமான முட்டி மடங்கிவிடாமல் உங்கள் முட்டியால் அணை கொடுங்கள். இடுப்பு பெல்ட் இருந்தால் அதைப் பிடியுங்கள். இல்லாத வீடுகளில் ஒரு கை இடுப்புக்குப் பின்னால், இன்னொரு கை பலவீனமான பக்கத்தில், முதுகின் மேல்பகுதியில் இருக்கும் தோள்பட்டை எலும்பின் மேல். விழுந்த கையை அவரே தன் நல்ல கையால் தாங்கிக்கொள்ளட்டும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லவே சொல்லாதீர்கள், அவர் தோளும் போகும், உங்கள் கழுத்தும் போகும். பிறகு முன்னால் குனியச் சொல்லுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வருகிற அளவுக்குக் குனிந்தால் உடம்பின் எடை தானாகவே பாதத்துக்கு வந்துவிடும், பாதி வேலை அங்கேயே முடிந்தது. நேராக மேலே தூக்கப் பார்ப்பதால்தான் நம் ஆட்கள் கையை இழுக்கிறார்கள். ஆள் கனமாக இருந்தால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நிற்க வைப்பதற்கு முன்னால் இரத்த அழுத்தம் பார்க்கும் பழக்கமும் வேண்டும். பல நாள் படுத்திருந்தவர், பிரஷர் மாத்திரை வேறு போடுகிறவர், சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழலாம். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்த 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அன்றைக்கு அவரை நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துவிட்டுப் பிசியோவிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள்.

வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது, கதவு நிலைக்கு மேலே ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு, நல்ல கையால் இழுத்து விழுந்த கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பாசத்தோடு மாட்டிவைத்திருப்பார்கள். இது வேண்டாம். 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கப்பிப் பயிற்சி செய்த பக்கவாத நோயாளிகளில் 62 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. சிகிச்சையாளர் கையால் அசைத்துவிட்ட குழுவில் 8 சதவீதம்தான். காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. கை தலைக்கு மேல் போகும் 180 பாகையில் சுமார் 120 மட்டுமே தோள்மூட்டில் நடக்கிறது, மீதி 60 தோள்பட்டை எலும்பு திரும்புவதால் கிடைக்கிறது. மேற்கை வெளிப்பக்கம் சுழலவும் வேண்டும். துவண்ட தோளில் இந்த இரண்டும் நடக்காது. கயிறோ இழுத்துக்கொண்டே இருக்கும், நடுவில் மாட்டுகிற தசைநாண் நசுங்கும். அதனால் உங்கள் பிசியோதெரபிஸ்ட் தோள்பட்டை எலும்பையும் சேர்த்து அசைக்கக் கற்றுத் தரும்வரை 90 பாகைக்கு மேல், அதாவது தோள் உயரத்துக்கு மேல், நீங்கள் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் சட்டை. போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். படுக்கையில் அந்தக் கைக்குக் கீழே தலையணை, உட்காரும்போது மடியில் தலையணை. கை வீங்கி, தோல் பளபளவென்று மாறி, தொட்டாலே வலித்தால் தேய்த்துவிட ஆரம்பிக்காதீர்கள், சொல்லுங்கள்.

இந்தச் 'சொல்லுங்கள்'தான் உதவியாளர் வேலையில் பாதி. நோயாளியைப் பரிசோதித்து என்ன சிகிச்சை என்று முடிவெடுப்பது பிசியோதெரபிஸ்டின் பொறுப்பு. ஆனால் ஒரு நாளில் நோயாளியை அதிக நேரம் பார்ப்பது நீங்கள், அதனால் மாற்றம் முதலில் தெரிவதும் உங்களுக்குத்தான். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். வீட்டார் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொன்னாலும் கை வைக்காதீர்கள், உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. புதிதாக வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம், அறிகுறி தொடங்கியது எப்போது என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு, இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, பலருடைய வீட்டு வாசலுக்கே போகிறது. நல்ல விஷயம். ஆனால் போகிறவர் அங்கே இருப்பது கொஞ்ச நேரம், மிச்ச நேரமெல்லாம் மனைவியோ மகனோ மருமகளோதான் எழுப்பி உட்கார வைக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, உங்கள் கண் முன்னால் ஒருமுறை செய்யவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தப் பெரியவருக்குப் பிறகு நான் ஒரு காகிதமும் ஒட்டிவிட்டு வருகிறேன், கட்டிலுக்கு மேல் சுவரில், பெரிய எழுத்தில், இரவில் மாற்றி விட வருகிறவர் கதவருகே நின்றே படிக்கிற மாதிரி: "வலது கையை இழுக்க வேண்டாம். அக்குளில் கை கொடுக்க வேண்டாம். இடுப்பைப் பிடியுங்கள்."