பெயர் போய் பெட் நம்பர் மட்டும் மிஞ்சும்போது

மருத்துவமனை ஊழியர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வரும்போது, நோயாளிகளைப் பற்றி அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன். நைட் டியூட்டி முடித்தவர் களைத்துத்தான் இருப்பார். நன்றாகத் தூங்கி எழுந்தால் அது தீரும். லீவு முடிந்து வந்த பிறகும், டியூட்டி மாற்றும் நேரத்தில் "பன்னிரண்டாம் பெட், அதே தொல்லைதான்" என்று சொல்லிவிட்டு ஒருவர் நகர்ந்தால் எனக்குக் கவலை வரும். முன்பெல்லாம் இவரே அந்த நோயாளியின் பெயரைச் சொல்லி, "ராத்திரி முழுக்க மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றும் சேர்த்திருப்பார். இப்போதும் ஊசி நேரத்துக்குப் போடுகிறார், கேஸ் ஷீட்டைச் சரியாக எழுதுகிறார். அதனாலேயே இந்த மாற்றம் மேலதிகாரிகள் கண்ணில் படுவதில்லை.

நீடித்த வேலை அழுத்தத்தில் மனம் எரிந்து தீர்ந்துபோகும் இந்த நிலைக்குப் பெயர் பர்ன்அவுட். மாஸ்லாக், ஜாக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் வெளியிட்ட அளவுகோல், அதை மூன்று கோணங்களில் அளக்கிறது: மனம் வற்றிப்போவது, நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் விலகுவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற சலிப்பு. இரண்டாவதைத்தான் நாம் 'திமிர்', 'கல்நெஞ்சு' என்று முத்திரை குத்துகிறோம். ஒரு மரணத்துக்கு வருந்தக்கூட நேரமில்லாமல் அடுத்த அட்மிஷனுக்கு ஓடுபவரின் மனம், தன்னைக் காத்துக்கொள்ளச் சாத்திக்கொள்ளும் கதவு அது. வீட்டுக்குப் போனாலும் அது திறப்பதில்லை. சொந்தக் குழந்தை அழுதாலும் ஒன்றும் தோன்றவில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. சொல்லும்போது அவர்கள் கூனிக் குறுகுவதைப் பார்த்தால் கல்நெஞ்சு என்று யாருக்கும் சொல்ல வராது.

ஓரளவு விலகல் இந்த வேலைக்குத் தேவைதான். தையல் போடும் கை நடுங்கக் கூடாது. தையல் முடிந்த பிறகும் அந்த விலகல் நீங்காவிட்டால்தான் சிக்கல்.

உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தால் வருவது என்கிறது. அப்படியிருக்க, ஆள் பற்றாக்குறையை அப்படியே விட்டுவிட்டு ஊழியர்களுக்குத் தியான வகுப்பு மட்டும் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தொடர் நைட் டியூட்டியைக் குறையுங்கள். வார்டில் ஒரு மரணம் நேர்ந்தால், பக்கத்தில் இருந்தவர் சற்று உட்கார்ந்து பேச இடம் கொடுங்கள்.

சரி, கூட வேலை செய்பவர் என்ன செய்யலாம்? "ஏன் இப்படி மாறிட்டீங்க?" என்று கேட்காதீர்கள். "கொஞ்ச நாளா நீங்க நீங்களா இல்ல, ராத்திரி தூங்குறீங்களா?" என்று தனியாகக் கேளுங்கள். வேலையைத் தாண்டி எதிலுமே பிடிப்பில்லை, பசியும் தூக்கமும் போய்விட்டது என்றால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால், டியூட்டி முடியும்வரை காத்திருக்காமல் அப்போதே நீங்களே கூட்டிப்போங்கள்.