திரைக்குப் பின்னால் ஒரு திரி

ஈப்போவில் வேலை பார்க்கும் பேரன் வாங்கிக் கொடுத்த கணினி, சுங்கை சிப்புட்டில் உள்ள என் அத்தை வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, திரையை அதன் காலில் பொருத்தி நிமிர்த்தி வைத்தேன். அத்தை பெட்டிக்குள் குனிந்து இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"டிவி வந்துவிட்டது, கணினி எங்கே தம்பி?" என்றார்.

நியாயமான கேள்வி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அவர் பார்த்த கணினிகளுக்கெல்லாம் மேசைக்கடியில் தனியாக ஒரு பெட்டி இருந்தது. ஆல்-இன்-ஒன் கணினியில் அந்தப் பெட்டி கிடையாது. அதற்குள் இருந்த அத்தனையும் திரையின் முதுகில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இந்த யோசனை புதியதன்று. 1984-இல் வந்த ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ், 9 அங்குலத் திரையோடு ஒரே கூட்டில்தான் இருந்தது. 1998-இல் வந்த ஐமேக்கும் அப்படியே. ஆனால் அவை படக்குழாய்க் காலத்துப் பொருட்கள். குழாயின் நீளத்துக்காகவே கூடு ஆழமாக இருந்தாக வேண்டும். அதனால் உள்ளே காற்றுக்கும் இடம் இருந்தது. 2021-இல் வந்த ஐமேக்கின் தடிமன் 11.5 மில்லிமீட்டர். கூடு மெலிந்த அளவுக்கு உள்ளே பிறக்கும் வெப்பம் மெலியவில்லை. இந்தக் கணினியை எங்கே வைப்பது, எப்படிக் காப்பது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உடனே சுவிட்சைப் போட்டுப் பார்க்க அத்தைக்கு ஆசை. நான் தடுத்துவிட்டேன். குளிரூட்டிய கடையிலிருந்து குளிரூட்டிய காரில் வந்த பொருள் அது. முதுகில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. நம் ஊர்க் காற்று 30 பாகை செல்சியஸும் 80 விழுக்காட்டு ஈரப்பதமுமாக இருக்கும்போது, ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஐஸ் தண்ணீர்க் குவளை வியர்ப்பதைப் போலவே கணினியின் உட்பலகையும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு மின்சாரத்தைப் பாய்ச்சினால் பலகை கெட்டுப்போக வாய்ப்புண்டு. இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்தால் கூடு வீட்டுச் சூட்டுக்கு வந்துவிடும். பெட்டியைப் பிரிக்காமலேயே காத்திருந்தால் இன்னும் நல்லது.

காத்திருந்த நேரத்தில் இடத்தைப் பார்த்தேன். கூடத்தில் சாமி மேடைக்கு ஒட்டினாற்போல ஒரு சின்ன மேசை போட்டு, பூப்போட்ட துணியும் விரித்து வைத்திருந்தார் அத்தை. பிளக் அங்கேதான் இருக்கிறது, அதனால் அந்த இடம். கணினியை அங்கே வைக்கக் கூடாது என்றேன். அவர் முகம் வாடியது. காரணத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கணினியின் மூளையான புராசசர் எனும் சில்லு நகத்தளவுதான். அது வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவந்தாக வேண்டும். தனிப்பெட்டிக் கணினிகளில் 65 வாட் வகைச் சில்லு சாதாரணம். ஆல்-இன்-ஒன்களில் பலவற்றில் மடிக்கணினிக்கென்று செய்த 15 வாட் வகையைப் பொருத்துகிறார்கள். 15 வாட் சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் நகத்தளவு பரப்பில் அது பிறக்கிறது. உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில்லு தாங்காது.

அகற்றும் வேலையைச் செய்வது ஒரு செப்புக் குழாய். சில்லின் மேல் அமர்ந்த தகட்டிலிருந்து கூட்டின் ஓரம்வரை ஓடும். பார்ப்பதற்குத் தட்டையான உலோகப் பட்டைபோல் இருந்தாலும் உள்ளே வெற்றுக் குழல். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் நீரை மட்டும் விட்டு, இரு முனைகளையும் அடைத்திருப்பார்கள். காற்றின் அழுத்தம் இல்லாத இடத்தில் நீர் ஆவியாக 100 பாகை தேவையில்லை, சில்லின் சூடே போதும். ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்கே உள்ள மெல்லிய தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிறது. சோற்றுப் பானையின் மூடியில் ஆவி துளியாவதைப் பார்த்திருக்கிறோமே, அதே செயல்தான். 1 கிராம் நீரை 1 பாகை சூடேற்ற 4.2 ஜூல் போதும்; அதே 1 கிராமை ஆவியாக்க 2,000 ஜூலுக்கு மேல் வேண்டும். அவ்வளவையும் ஆவி சுமந்துகொண்டு போகிறது. சில துளி நீர் ஒரு கணினியைக் காப்பது இப்படித்தான்.

மறுமுனையில் நீரானது சில்லிடம் எப்படித் திரும்பும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குழாயின் உட்சுவரில் செப்புத் தூளைச் சூட்டில் இறுக்கிப் படியவைத்த ஒரு படலம் இருக்கிறது. தூள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகள் வழியே நீர் தானாகவே ஊர்ந்து சூடான முனைக்கு வந்துவிடும். அந்தப் படலத்துக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயரே திரி. அகல் விளக்கில் எண்ணெயை மேலே ஏற்றும் அதே நுண்புழை விசைதான் இங்கும் வேலை செய்கிறது. மோட்டார் கிடையாது, தேய்மானமும் கிடையாது. இன்றைய வடிவில் இந்த வெப்பக் குழாயை 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டினார். 1967-இல் அது ஒரு செயற்கைக்கோளில் ஏறிப் பூமியைச் சுற்றியது. இப்போது அத்தை வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது.

அத்தை சாமி மேடையின் விளக்கைத் திரும்பிப் பார்த்தார். "அந்தத் திரியும் இந்தத் திரியும் ஒன்று என்றால் பக்கத்தில் வைக்க ஏன் ஆகாது?"

திரிக்குப் பகை இல்லை, புகைதான் பகை. குழாய் வெப்பத்தைத் தகடுகள்வரை கொண்டுவந்து விட்டுவிடும். அதற்குமேல் விசிறியின் பொறுப்பு. பெரும்பாலான ஆல்-இன்-ஒன்களில் விசிறி கீழ்த்துளைகள் வழியே காற்றை இழுத்து, தகடுகளுக்கு நடுவே ஊதி, மேல்துளைகள் வழியே வெளியேற்றும். தகடுகளுக்கு இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டர் அளவுதான். எண்ணெய் விளக்கின் புகை பிசுபிசுப்பானது. சந்துகளில் மெல்லப் படிந்து, பின்னால் வரும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் புகைமூட்டக் காலத்துக் காற்றும் செய்வது இதே வேலையைத்தான். சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் கணினியைத் திறந்து பார்த்தேன். தகடுகளின் வாயைச் சாம்பல் நிறக் கம்பளி ஒன்று அடைத்திருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தபோது முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. முகர்ந்து பார்த்தால் சாம்பிராணி மணம். அதற்குப் பின்னால், வெதுவெதுப்பைத் தேடி நுழைந்த பல்லி இட்ட இரண்டு வெள்ளை முட்டைகள்.

நம் ஊரின் சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில்லின் எல்லை 100 பாகை என்று வைத்துக்கொள்வோம். 20 பாகை அறையில் இருந்தால் சில்லுக்கும் காற்றுக்கும் இடையே 80 பாகை வேறுபாடு கிடைக்கும். 32 பாகைக் கூடத்தில் கிடைப்பது 68. வெப்பம் வெளியேறும் வேகம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், அதே விசிறி இங்கே சுமார் 15 விழுக்காடு குறைவாகவே அகற்றும். எல்லையை நெருங்கியதும் புராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற கணினிகளில் சிலவற்றுக்கு நோய் வெறும் மூச்சுமுட்டல்தான்.

"வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும், அந்த மாதிரியா?" என்று அத்தை கேட்டார். பக்கத்துக் கோலக்கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் வாழ்நாளில் பாதியைப் பால்மரம் வெட்டியே கழித்தவர் அவர். விடிவதற்கு முன் மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக வடியும். வெயிலில் இலைகள் நீரை இழக்க இழக்க அழுத்தம் இறங்கி ஓட்டம் தளர்ந்துவிடும். காரணம் வேறு என்றாலும், சூடு ஏறினால் வேலை தளரும் என்பதை அவருக்கு நான் கற்றுத்தர வேண்டியதாக இல்லை. மேசையை அவரே எதிர்ச் சுவருக்கு நகர்த்தச் சொன்னார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மாலை வெயில் விழாத பக்கமாகப் போட்டோம். மேசைத் துணியையும் எடுத்துவிட்டோம். அதன் விளிம்பு மடங்கிக் கீழ்த்துளைகளை மூடிவிடக்கூடும்.

அடுத்தது அடாப்டர். அதன் முதுகில் 19 வோல்ட், 4.74 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. பெருக்கினால் 90 வாட். சுவரில் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை இந்தக் கறுப்புப் பெட்டி முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்குகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சின்ன மின்மாற்றிக்குள் அனுப்புகிறது. வெட்டும் வேகம் கூடக்கூட மின்மாற்றி சிறியதாக இருந்தால் போதும். பழைய வானொலியில் செங்கல்லாகக் கனத்த பொருள் இன்று உள்ளங்கையில் அடங்குவதன் இரகசியம் அதுதான். இதைத் தனியே தரையில் வைப்பதால் அதன் வெப்பமும் உயர் அழுத்தமும் திரையின் முதுகுக்குள் நுழைவதில்லை. ஆகவே அதைச் சோபாவுக்கடியில் திணிக்காமல் அதற்கும் காற்று விடுங்கள்.

அதற்கு இன்னொரு எதிரி இடி. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பிற்பகல் மழை இடியோடுதான் வரும். மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. சற்றுத் தொலைவில் விழுந்தாலும், திடீரென ஏறும் மின்னோட்டம் அருகில் உள்ள கம்பிகளில் பெரும் அழுத்தத்தைத் தூண்டிவிடும். காப்பு பிளக் என்று கடைகளில் விற்கும் பலகைக்குள் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவை மின்சாரத்தைக் கடத்தா. அழுத்தம் எல்லை மீறினால் சட்டென்று கடத்தத் தொடங்கி, மிகுதியைத் திருப்பிவிடும். ஒவ்வோர் அடியிலும் வில்லை கொஞ்சம் தேய்வதால் அதற்கும் ஆயுள் உண்டு. தரையிணைப்பு சரியில்லாத பழைய வீடுகளில் அதன் காவல் பாதிதான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல காப்புப் பலகை இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். இடி வந்தது மின்கம்பி வழியாக அன்று, மோடத்திலிருந்து கணினிக்குப் போன செம்புக் கம்பி வழியாக. கண்ணாடி இழையில் இணையம் வந்தாலும் மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே உள்ளது செம்புதான் என்பதை அன்று பாடமாகக் கற்றேன். வானம் கறுத்தால் பிளக்கையும் அந்தக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். நடுவே உள்ள காற்று இடைவெளியைவிடச் சிறந்த காப்பு வீட்டில் வேறில்லை. ஆனால் முதல் இடி கேட்பதற்கு முன்பே கழற்றுங்கள். தலைக்குமேல் இடிக்கும்போது கம்பியைத் தொடாதீர்கள்.

மடிக்கணினியின் உறுப்புகள் இருந்தாலும் அதில் உள்ள மின்கலம் இதில் பெரும்பாலும் இல்லை. மின்தடை வந்த நொடியிலேயே சேமிக்காத எழுத்து போய்விடும். மின்கலம் கொண்ட சிறிய யு.பி.எஸ். பெட்டி ஒன்று வாங்கினால் சில நிமிடம் கிடைக்கும். எழுதியதைச் சேமித்து முறையாக அணைக்க அது போதும்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக. 1920-க்கு 1080 என்றால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சன்னல்கள். பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தை எவ்வளவு விடுவது என்று திரவப் படிகம் முறுகித் தீர்மானிக்கிறது. இந்தப் பொருளை 1888-இல் முதலில் கவனித்தவர் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர். கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலில் செய்த ஒரு பொருள் சுமார் 145 பாகையில் கலங்கலாக உருகி, 178 பாகையை ஒட்டி மறுபடி தெளிந்ததைக் கண்டு அவர் வியந்தார். ஒரு செடி ஆராய்ச்சியிலிருந்து நம் திரைகள் பிறந்தன என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. தூக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள், கண்ணாடி முகத்தை அழுத்தாதீர்கள். துடைக்க, நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணி போதும்.

கம்பியில்லாச் சுட்டி தத்தித் தத்தி நகர்ந்தால் சுட்டியைக் குறைசொல்ல வேண்டாம். அதன் குட்டி வாங்கியைக் கூட்டின் பின்புறம், யு.எஸ்.பி. 3 வட்டுக்குப் பக்கத்தில் செருகியிருப்பீர்கள். அந்த வட்டு எழுப்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது, சுட்டி பேசுவதும் அதே அலைவரிசையில்தான். பக்கவாட்டுத் துளைக்கு மாற்றினால் சரியாகிவிடும். தமிழில் எழுதத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். இந்த வசதிக்குப் பின்னால் நம் நாட்டு உழைப்பும் இருக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளின் வழிவந்த அஞ்சல் விசைப்பலகை ஆப்பிள் கணினிகளில் உள்ளமைவாகவே கிடைக்கிறது.

எல்லாருக்கும் ஆல்-இன்-ஒன்தான் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். திரை கெட்டால் முழுக் கணினியும் கடைக்குப் போகும். சிலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் முன் அதைக் கேளுங்கள், கோப்புகளைச் சேமிப்பது சுழலும் வட்டா, சுழலாத எஸ்.எஸ்.டி. சில்லுகளா என்பதையும் கேளுங்கள். உறுப்புகளை மாற்றி மாற்றிப் பல ஆண்டு ஓட்ட நினைப்பவருக்குத் தனிப்பெட்டியே நல்லது. அத்தைக்கு வேண்டியது சின்ன இடம், ஒரே கம்பி, பேரப்பிள்ளைகளின் முகம் பெரிதாகத் தெரியும் திரை. அதற்கு இது பொருத்தம்.

அத்தை வீட்டில் வியாழக்கிழமை மாலை விளக்கு துலக்கும் நாள். இப்போது அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, காய்ந்த தூரிகையால் கீழ்த்துளைகளையும் மேல்துளைகளையும் ஒருமுறை நீவிவிடுகிறார். தூரிகையில் ஒட்டி வரும் தூசியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த வாரம் எவ்வளவு என்று தொலைபேசியில் எனக்குச் சொல்கிறார்.