‘சோதனைக் கலம்’ என்று எழுதலாமா?

சோதனைக் கலம்: ‘எக்ஸ்பெரிமென்டல் சப்மெர்சிபிள்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குகிறவர்கள் சட்டென்று எழுதிவிடும் பெயர். டைட்டானிக் கப்பலைப் பார்க்க ஐந்து பேரோடு இறங்கிய டைட்டன் கலம் 2023 ஜூன் 18 அன்று அட்லாண்டிக் கடலாழத்தில் நொறுங்கியது. அந்தக் கலத்துக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அங்கே என்ன தவறு நடந்ததோ, அதை இந்தப் பெயர் மறைக்கிறது.

முதலில் ‘சப்மெர்சிபிள்’. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டாருக்கு அதுதான் பெயர். ‘கீழே அமிழ்த்து’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. நீர்மூழ்கிக் கப்பல் துறைமுகத்திலிருந்து தானே புறப்பட்டுத் தானே திரும்பும். கடலில் இறங்கும் சப்மெர்சிபிளோ தாய்க்கப்பல் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிறகு ஏற்றிக்கொள்ள வேண்டிய சிறு கலம். ‘மூழ்கு கலம்’ என்றால் போதும்.

சிக்கல் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற அடைமொழியில் இருக்கிறது. ‘முயன்று பார்’ என்னும் லத்தீன் வினை இதன் வேர். நிபுணர், அனுபவம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும், ஆபத்தைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லும் இதே குடும்பம். முயல்வது ஆபத்து என்ற உணர்வு அங்கே வேரிலேயே இருக்கிறது.

தமிழில் நாம் அதற்கு வைத்துக்கொண்ட ‘சோதனை’, தூய்மையாக்குதல், ஆராய்தல் என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது. இங்கே அது பல வேலை செய்கிறது. தேர்தல் நேரத்தில் பறக்கும் படை வண்டியை மறிப்பது சோதனை. மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது பரிசோதனை. அடுக்கடுக்காகத் துன்பம் வந்தால் ‘ஆண்டவன் சோதனை’. சொக்கநாதர் அடியார்களைச் சோதித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு அந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கருவிக்கும் வண்டிக்கும் முன்னால் இந்தச் சொல் வந்தால், யாரோ ஒருவர் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, சரி என்றார் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். டைட்டன் விஷயத்தில் உண்மை இதற்கு நேர் எதிரானது.

ஆழ்கடலுக்கு ஆளை இறக்கும் கலங்களை, அவற்றைக் கட்டியவரோடு தொடர்பில்லாத நிறுவனம் ஒன்று வரைபடத்திலிருந்து கடைசிச் சோதனைவரை பார்த்துச் சான்று தருவது இந்தத் துறையின் வழக்கம். நார்வேயின் டிஎன்வி, அமெரிக்காவின் ஏபிஎஸ் அப்படிப்பட்டவை. டைட்டனைக் கட்டிய ஓஷன்கேட் நிறுவனம் அந்தச் சான்றைப் பெறவே இல்லை. கலத்தின் நடுப்பகுதி கார்பன் இழை உருளை, இரு முனைகளிலும் டைட்டானியக் கவிகை. டைட்டானிக் கிடக்கும் ஆழத்துக்குப் பலமுறை போய்வர வேண்டிய ஆளேறும் கலத்துக்குக் கார்பன் இழை பழகிய பொருள் அல்ல. 2018இல் நிறுவனத்தின் கடல் நடவடிக்கை இயக்குநர் டேவிட் லாக்ரிட்ஜ் பாதுகாப்புக் குறைகளை எழுதிக் கொடுத்தார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு துறை வல்லுநர்கள் பலர் சேர்ந்து, இந்தப் போக்கு பேரழிவில் முடியக்கூடும் என்று கடிதம் எழுதினார்கள். முதல் உருளையில் விரிசல் கண்டு, வேறு உருளை செய்தார்கள். 2022 ஜூலையில் ஒரு பயணத்தின் முடிவில் கலம் மேலேறும்போது பெரிய சத்தம் கேட்டது. பொருத்தியிருந்த கருவிகளிலும் மாற்றம் பதிவானது. உருளையின் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது வெள்ளிடைமலையான சான்று. ஆனாலும் கலம் மறுபடி இறக்கப்பட்டது. மறு ஆண்டு 3,300 மீட்டருக்கும் கீழே, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 300 கிலோவுக்கு மேல் நீர் அழுத்திய இடத்தில், எல்லாம் முடிந்தது. (‘வெடித்துச் சிதறியது’ என்று எழுதுவதும் பிழை. உள்ளே எதுவும் வெடிக்கவில்லை. வெளியே இருந்த கடல் சுவரை நொறுக்கியது. ‘நொறுங்கியது’ என்றே எழுதுவோம்.)

பயணிகள் கையெழுத்திட்ட தாளில் கலம் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்றும், எந்த அமைப்பும் இதை ஏற்கவில்லை என்றும் எழுதியிருந்தது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க அந்த ஒரு சொல் கேடயமானது. 2,50,000 டாலர் வரை கட்டணம் வாங்கப்பட்டவர்களைப் பயணி என்று சொல்லாமல் ‘மிஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று அழைத்ததும் அதே வகை. பயணி என்றால் பயணிக்கான சட்டம் வந்துவிடும் அல்லவா? பெயரை மாற்றி உயிரோடு விளையாடுவதைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இறந்தவர்களில் ஒருவருக்கு வயது 19.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். அகராதிகள் கப்பலுக்கும் தேருக்கும் இதைச் சொல்கின்றன. ‘வெள்’ என்பதற்கு வெறுமை என்றொரு பொருள் உண்டு. வெள்ளிடை என்றால் வெட்டவெளி. குறள் 844 ‘வெண்மை’ என்பதை, அதாவது அறிவு வெறுமையை, நாம் அறிவுடையோம் என்னும் செருக்காகவே சொல்கிறது. வெள்ளோட்டத்தில் இருப்பதும் அந்த வெறுமைதான் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

மதுரை வட்டாரத்துக் கோயில் ஒன்றில் புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுவார்கள். உற்சவர் எழுந்தருள மாட்டார். வடம் பிடித்து இழுக்க, தேர் அசைந்து கிளம்பும். வீதி முக்கில் திரும்பும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுப்பவர்களின் கண் முழுவதும் சக்கரத்திலேயே இருக்கும். தேர் செய்த ஸ்தபதியோ அச்சு முனகுகிறதா என்று காது கொடுப்பார். முனகினால் தேர் நிற்க வேண்டும். முனகலைக் கேட்ட பிறகும் சாமியை ஏற்றுகிற ஊர் இல்லை. தேரின் உறுதிக்குப் பொதுப்பணித் துறையின் சான்றும் வேண்டும்.

ரயிலிலும் அதே ஒழுங்குதான். மதுரை–போடி அகலப்பாதையில் போடிவரை பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2023 ஜூன் 15, டைட்டன் நொறுங்குவதற்கு மூன்று நாள் முன்பு. அதற்கு முன் சோதனை ஓட்டமும், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் முடிந்தாக வேண்டும். அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பாதை போட்டவரே பாதைக்குச் சான்று தரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

டைட்டன் எந்த நாட்டிலும் பதிவாகவில்லை. பன்னாட்டுக் கடலில் இறங்கியதால், கேட்க ஆளில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான அமெரிக்கக் கடலோரக் காவல் படை அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய பேரிடர் என்றது. நிறுவனத் தலைவர் ஸ்டாக்டன் ரஷ் உயிரோடு இருந்திருந்தால் குற்ற நடவடிக்கைக்குப் பரிந்துரைத்திருக்கலாம் என்றும் சொன்னது. அவரும் அந்தக் கலத்திலேயே இறந்துபோனார்.

ஆகவே, டைட்டனை ‘தகுதிச் சான்று பெறாத மூழ்கு கலம்’ என்று எழுத வேண்டும். ‘எஃப்.சி. இல்லாத வண்டி’ என்றால் நம் ஊர் ஓட்டுநர் யாரைக் கேட்டாலும் பொருள் சொல்வார், இதுவும் அதுதான். ‘வெள்ளோட்டக் கலம்’ என்ற பெயரை, உண்மையிலேயே அந்த நிலையில் இருப்பவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்ப உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000க்கு அது பொருந்தும். 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியக் கோளத்துக்குள் ஆட்கள் அமர்வார்கள். டிஎன்வி சான்றுக்கான வேலையும் கூடவே நடக்கிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை ஆளில்லாமலும் ஆளோடும் மூழ்கவைத்துப் பார்த்தார்கள். அதன் அடுத்தடுத்த செய்திகளை எழுதும்போது, எத்தனை மீட்டர் இறங்கியது என்பதோடு, யார் சான்று கொடுத்தார்கள் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.