வாயுவுக்குப் பூண்டுப் பால் குடிக்கிறவர்களுக்கு

சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, புடவைக் கொசுவத்தைத் தளர்த்தாமல் உட்கார முடியவில்லை என்று ஒரு அம்மா வந்தார். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். ஐபிஎஸ் (IBS), அதாவது குடல் கூருணர்வுத் தொந்தரவு, என்று சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு இட்லிதான் மேடம். அப்புறம் வாயுவுக்காகப் பத்துப் பல் பூண்டைப் பாலில் வேகவைத்து, மசித்துக் குடிச்சிடுவேன்." மாதக்கணக்கில் இப்படி நடக்கிறது. உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பூண்டிலும் வெங்காயத்திலும் ஃபிரக்டான் என்ற சத்து இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி மனிதர் யாருக்குமே இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது தெரிவதே இல்லை. குடல் கூருணர்வு உள்ளவர்களுக்கு அதுவே உப்புசம், வலி, சிலருக்குப் பேதி. வேகவைத்தாலும் ஃபிரக்டான் போகாது, பாலில் இறங்கிவிடும். அந்தப் பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை வேறு. லாக்டோஸ் சேராதவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

"குடித்தால் வாயு நன்றாகப் பிரிகிறதே, அப்போது வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?" என்பார்கள். இல்லை. அப்படிப் பிரிகிற வாயுவில் ஒரு பங்கு அந்தப் பூண்டே உண்டாக்கியது. அது பிரிந்ததும் கொஞ்சம் லேசாக இருக்கும், உடனே இன்றைக்கும் ஒரு டம்ளர். பாட்டிக்கு ஒத்துக்கொண்டது உண்மைதான். அவர் குடல் வேறு, உங்கள் குடல் வேறு. தயவுசெய்து நிறுத்துங்கள்.

அடுத்து, "சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்." ஃபிரக்டான் தண்ணீரில் கரையும். துண்டை ஒதுக்கினாலும் குழம்பில் அது இருக்கிறது. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் இரண்டும் இதில் ஒன்றுதான்.

நல்ல செய்தி, எண்ணெயில் அது கரையாது. முழுப் பூண்டுப் பல்லை எண்ணெயில் சிவக்க வறுத்து, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசனை மட்டும் வரும். அன்றன்றைக்குச் செய்யுங்கள், பாட்டிலில் ஊற்றி மேடையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பூண்டு எண்ணெயில் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம், உயிருக்கே ஆபத்து. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி பெரும்பாலும் சேரும், வெள்ளைப் பகுதி வேண்டாம். பெருங்காயம் கைகொடுக்கும். கடைத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், சீலியாக் நோயாளிகள் (கோதுமையின் குளூட்டன் சேராதவர்கள்) லேபிளைப் பார்க்கட்டும். தாளிப்பு வடகம், கறிமசால் பொடி, பூண்டு போட்ட இட்லிப் பொடி, ஹோட்டல் குருமா இவற்றில்தான் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்காக ஆயுசுக்கும் வெங்காயத்தைத் துறக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் வகுத்த முறையில் 2 முதல் 6 வாரம் வரைதான் விலக்கல். பிறகு பூண்டைத் தனியாக, வெங்காயத்தைத் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலருக்கு ஒரு சிறு அளவு தாங்கும். குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு ஃபிரக்டானும் ஒரு தீனி. அதனால்தான் முழுக்கத் தவிர்க்கச் சொல்வதில்லை. பருப்பு, கொண்டைக்கடலை, கோதுமை ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். எது என்று தெரிய ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் சமைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெங்காயம், பூண்டு சேராதவருக்கென்று தனிச் சமையல் வேண்டாம். பருப்பும் புளியும் கொதித்ததும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வதக்கிய வெங்காயத்தைச் சேருங்கள். "கொஞ்சம் போட்டால் ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.