சமையல் போட்டியில் உங்களுக்குப் பிடிக்காத அந்த ஒருவர்

சமையல் போட்டி நிகழ்ச்சிகளில் ஒன்பது ஆண்டுகள் எடிட்டராக வேலை பார்த்தேன். எந்தச் சேனல், எந்த நிகழ்ச்சி என்பது இங்கே தேவையில்லை. இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் புதிய சீசன் தொடங்கும்போதெல்லாம் தெரிந்தவர் யாராவது போன் செய்து, "எங்க அண்ணி செலக்‌ஷனுக்குப் போறாங்க, எதுல கவனமா இருக்கணும்?" என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், ப்ரோமோ வந்த அன்றிரவே முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு போட்டியாளரை ஏசுவதையும் பார்க்கிறேன். இந்த இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பத்து கேமரா பத்து மணி நேரம் ஓடினால் 100 மணி நேரக் காட்சி எங்கள் மேசைக்கு வரும். அதிலிருந்து விளம்பரம் போக 45 நிமிடம் எடுக்க வேண்டும். 12 போட்டியாளர்கள், நடுவர்கள், தொகுப்பாளர் எல்லோரும் அந்த 45 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே அதிகம். மூன்று நிமிடத்தில் எந்த மனிதரையும் முழுதாகக் காட்ட முடியாது. அதனால் பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிற ஓர் அச்சில் அவரை ஊற்றிவிடுகிறோம். அச்சுகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. பாசக்கார அம்மா, பாட்டியின் கைமணத்தைச் சுமந்து வரும் பெண், நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த ஐடி பையன், எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் இளம்பெண், முரட்டு உருவமும் குழந்தை மனசுமாக ஒருவர், அப்புறம் எல்லோரையும் முறைத்துப் பார்க்கும் அந்த ஒருவர்.

இது எடிட்டிங்கில் தொடங்குவதல்ல, தேர்வு அறையிலேயே தொடங்கிவிடும். விண்ணப்பத்தில் உங்கள் ரசத்தைப் பற்றி ஒரு கேள்வி இருந்தால், உங்கள் கஷ்டத்தைப் பற்றி மூன்று கேள்வி இருக்கும். உங்களோடு பழகுகிறவர்கள் உங்களிடம் என்ன குறை சொல்வார்கள் என்று கேட்பார்கள். யாரைப் பார்த்தால் எரிச்சல் வரும் என்று கேட்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் அறையில் போட்டியாளர்களின் படங்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்கள். "அம்மா." "அழுகை." "திமிர்." அன்றைக்கு யாரும் இன்னும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை.

போட்டியாளரின் வீட்டுக்குப் போய் எடுக்கும் அறிமுகப் படத்தை ஏவி என்போம். ஒருமுறை ஓர் அக்காவின் ஏவி என் மேசைக்கு வந்தது. பல வருடமாகச் சின்ன அளவில் கேட்டரிங் நடத்துகிறவர். அறுபது பேர் விசேஷத்துக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய், ஆளுக்கு என்ன கூலி என்று நோட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைக் கேமரா முன் பெருமையாகப் புரட்டிக் காட்டவும் செய்தார். ஒளிபரப்பான ஏவியில் நோட்டு இல்லை. விளக்கேற்றினார், பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டினார், சமையலறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நோட்டை வெட்டியது நான்தான். அம்மா என்ற அச்சுக்குள் அந்த நோட்டு அடங்கவில்லை. பிறகு பெரிய கூட்டத்துக்குச் சமைக்கும் சுற்றில் அவர் அநாயாசமாக ஜெயித்தபோது, "வீட்டிலேயே இருந்த அம்மாவுக்கு இவ்வளவு திறமையா!" என்று எல்லோரும் வியந்தார்கள். அவருடைய பத்து வருட உழைப்பு அதிசயம் போல ஆகிவிட்டது. பாராட்டுகிற மாதிரித் தெரிந்தாலும் அது அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுதான்.

மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவின் முதல் சீசன் 2009-இல் வந்தது. இறுதிச் சுற்றில் ஜூலி குட்வின், போ லிங் யோ என்ற இரண்டு பெண்கள். ஜூலியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது மூன்று பிள்ளைகளின் அம்மாவாக, வீட்டுச் சாப்பாடு சமைத்து ஜெயித்தவராக. அவர் கணவரோடு சேர்ந்து ஒரு ஐடி தொழிலையும் நடத்தியவர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கோலாலம்பூரில் பிறந்த போ, ஓவியர். அவருக்குக் கிடைத்த அச்சு, கற்பனை வளம் மிக்க ஆசியப் பெண். இரண்டுமே அன்பான அச்சுகள்தான், பொய்யும் இல்லை. ஆனால் அதன்பிறகு வந்த சீசன்களில் இந்த இரண்டு நாற்காலிகளும் காலியாகவே இருந்ததில்லை. 2013-இல் அதே நிகழ்ச்சி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்து, நீலமும் இளஞ்சிவப்புமாக விளம்பரம் செய்தது. அதற்கு அங்கேயே நிறையக் கண்டனம் வந்தது.

குடியேறிய குடும்பத்துப் போட்டியாளர்களுக்கு இந்த அச்சு இன்னும் இறுக்கமானது. வெள்ளைக்காரர் ஒருவர் கறிக்குழம்பு வைத்தால் அது அவருடைய ஆர்வம், தேடல். அந்தக் குழம்பு பிறந்த நாட்டுக்காரர் வைத்தால் அது பாரம்பரியம். அவரே பிரெஞ்சு சாஸ் செய்தால், "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வரும். சரி, பாரம்பரியத்தையே செய்தாலும் விடுவார்களா? 2018-இல் பிரிட்டன் மாஸ்டர்செஃபில் மலேசியாவில் பிறந்த சலேஹா காதிர் ஓல்பின் கோழி ரெண்டாங் செய்தார். தோல் மொறுமொறுப்பாக இல்லை என்பது நடுவர்களின் குறை. மணிக்கணக்கில் தேங்காய்ப்பாலில் வேகிற பண்டத்தில் தோல் எப்படி மொறுமொறுக்கும்? மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் என்று மூன்று நாட்டு மக்களும் கொதித்தார்கள், அன்றைய மலேசியப் பிரதமர் உட்பட.

2021-இல் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவின் இறுதிச் சுற்றில் வங்காளதேசக் குடும்பத்தைச் சேர்ந்த கிஷ்வர் சௌத்ரி பந்தா பாத் வைத்தார். நம் பழைய சோற்றின் உறவுதான் அது. உருளைக்கிழங்கு மசியலும் மீனும் தொட்டுக்கொள்ள. மூன்றாம் இடம்தான் கிடைத்தது, ஆனால் அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எதைச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார். அதே ஆஸ்திரேலிய நிகழ்ச்சியில் 2018-இல் ஜெயித்த சசி செல்லையா சிங்கப்பூரில் பிறந்த தமிழர். அடிலெய்டில் சிறைக் காவல் அதிகாரி, அதற்கு முன் சிங்கப்பூர் போலீஸ். முரட்டு வேலை, மென்மையான மனசு என்ற அச்சு அவருக்காகவே தயாராக இருந்தது. இறுதிச் சுற்றில் 100-க்கு 93 வாங்கினார். எந்த அச்சிலும் ஊற்ற முடியாத எண் அது.

இனி வில்லனுக்கு வருவோம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

போட்டியாளரைத் தனியே உட்காரவைத்துப் பேட்டி எடுப்பார்கள். அதிலிருந்து எடுக்கும் துண்டுக்குப் பைட் என்று பெயர். சமையல் முடிந்து சில நாள் கழித்தும் இந்தப் பேட்டி நடக்கும். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, "இப்போ எனக்குப் பயமா இருக்கு" என்று அப்போதுதான் நடப்பது போலப் பேசச் சொல்வார்கள். கேள்வியையும் பதிலுக்குள்ளேயே சேர்த்துச் சொல்லச் சொல்வார்கள், கேட்டவரின் குரலை வெட்டிவிடலாம் என்பதற்காக. ஒரு பைட்டின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டுவது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. ஒட்டு தெரியாமல் இருக்க, நடுவில் வெங்காயம் வதங்குவதைக் காட்டுவோம். போட்டியாளரின் குரல் மட்டும் கேட்டு, முகம் தெரியாமல் வாணலி தெரிகிறதா? அங்கே ஒட்டு இருக்கலாம்.

தமிழில் இது இன்னும் சுலபம். நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "அவங்க நல்லா சமைக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று ஒருவர் பெருந்தன்மையாகச் சொல்கிறார். பின்பாதியை வெட்டினால் மிஞ்சுவது: "அவங்க நல்லா சமைக்கலை." அரை விநாடி வேலை. இதை நான் செய்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

பைட்கூட வேண்டாம், ஒரு முகம் போதும். பிரிட்டனின் கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப் நிகழ்ச்சியில் 2014 ஆகஸ்டில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இயன் என்ற போட்டியாளரின் ஐஸ்க்ரீம் உருகிவிட, அவர் கோபத்தில் கேக்கையே குப்பைத்தொட்டியில் போட்டார். டயானா என்ற 69 வயதுப் பெண்மணி அந்த ஐஸ்க்ரீமை ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்து வைத்ததால்தான் எல்லாம் நடந்தது என்பது போல எபிசோடு அமைந்திருந்தது. பிபிசிக்கு 800-க்கும் மேல் புகார்கள் போயின. அந்த அம்மாவை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஐஸ்க்ரீம் வெளியே இருந்தது சுமார் 40 விநாடிதான் என்று தொகுப்பாளர் சூ பெர்கின்ஸ் சொன்னார். ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான், இயன் வெளியேறியதற்கு அது காரணமே இல்லை என்று பிபிசியும் விளக்கம் கொடுத்தது. இந்த விளக்கமெல்லாம் ஒளிபரப்புக்குப் பிறகு வந்தது. அந்த 40 விநாடி எபிசோடிலேயே தெரிந்திருந்தால் அவரை யார் ஏசியிருப்பார்கள்?

அதற்கு முந்தைய ஆண்டு, 2013-இல், அதே நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றில் மூன்று பேரும் பெண்கள். ரூபி டாண்டோ என்ற கல்லூரி மாணவி அழுகிறார், நடுவரை மயக்குகிறார் என்றெல்லாம் எழுதினார்கள். பெண்கள் மீது இருக்கும் வெறுப்புதான் இப்படி வருகிறது என்று அவரே கார்டியன் பத்திரிகையில் கட்டுரை எழுதிப் பதில் சொன்னார். பதில் எழுத எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடாது.

எனக்குத் தெரிந்த ஒரு டிபன் கடை அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பெண்ணின் தட்டு கைதவறி விழுந்த காட்சிக்கு அடுத்ததாக, இந்த அண்ணன் உதட்டைச் சுழித்து முகத்தைத் திருப்பும் மூன்று விநாடிக் காட்சியை வைத்தோம். ப்ரோமோ பரபரவென்று ஓடியது. திமிர் பிடித்தவன் கையால் சாப்பிட மாட்டோம் என்று அவருடைய வாடிக்கையாளர்களே மெசேஜ் அனுப்பினார்களாம். அவர் தயாரிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தார், அந்த அழைப்பு என்னிடம் வந்தது. கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், அந்த முகத்தை எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். காட்சி எடுத்த நேரத்தைக் காட்டும் டைம்கோட் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அது காலையில், மிளகாய் வற்றல் கருகி நெடி ஏறியபோது எடுத்தது. தட்டு விழுந்தது மதியம் மூன்று மணிக்கு மேல்.

பார்க்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யார் மீதாவது கோபம் வந்தால் அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். முறைக்கிற முகமும் முறைக்கப்படுகிறவரும் ஒரே ஃப்ரேமில் இருக்கிறார்களா? சுவர்க் கடிகாரம் ஒத்துப்போகிறதா? ஏப்ரனில் இருந்த மஞ்சள் கறை திடீரென்று காணாமல் போகிறதா? இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அந்த முகம் கோபமாகத் தெரிகிறதா, களைப்பாகத் தெரிகிறதா? கடைசியில் ஓடும் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி பல ஆண்டுகள் தொகுத்து வழங்கிய அமெரிக்க டாப் செஃபில், வெற்றியையும் வெளியேற்றத்தையும் நடுவர்கள் தயாரிப்பாளர்களைக் கலந்தே முடிவு செய்தார்கள் என்று வெளிப்படையாகவே போடுவார்கள்.

இந்த விஷயத்தில் 2019-இல் தொடங்கிய குக்கு வித் கோமாளி எனக்குப் பிடிக்கும். அங்கே கோமாளி கோமாளி என்று சொல்லிக்கொண்டே வருகிறார். வேஷம் வேஷமாகத் தெரிவதால் யாரும் ஏமாறுவதில்லை. நிஜ மனிதர்கள் தங்கள் சொந்தப் பெயரில் வரும் நிகழ்ச்சிகளில்தான் இந்த ஆபத்து.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு. ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பேச்சையும் காட்சியையும் எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், சேர்க்கலாம் என்ற வரி பொதுவாக அதில் இருக்கும். பிரிட்டனில் போட்டியாளர்களின் மனநலனையும் ஒளிபரப்பாளர் கவனிக்க வேண்டும் என்று ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் அப்படி எதையும் யாரும் காட்டியதில்லை. அதனால் உங்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டியில் அடுத்தவரைப் பற்றிக் கேட்டால் எதிர்மறையில் தொடங்கவே தொடங்காதீர்கள். "மோசம்னு சொல்ல மாட்டேன்" வேண்டாம், "நல்லா பண்ணாங்க" போதும். குட்டி வாக்கியத்தை வெட்டுவது கஷ்டம். தொழில் செய்கிறவர் என்றால் வாய் திறக்கும்போதெல்லாம் தொழிலைச் சொல்லுங்கள், எங்காவது ஓரிடத்தில் தப்பிப் பிழைக்கும். அழுகை வந்தால் அழுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் அழ வைப்பதற்காகவே இறந்துபோன அப்பாவைப் பற்றி நான்காவது முறை கேட்டால், "அதைச் சொல்லிட்டேன் சார்" என்று நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒளிபரப்பு வாரத்தில் போனை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கமென்ட்டை அவர் படிக்கட்டும். தூக்கம் போனாலோ, மனசு உடைந்தாலோ அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அந்த டிபன் கடை அண்ணனோடு இப்போதும் பேசுகிறேன். போன மாதம் அழைத்தபோது, மதியச் சாப்பாடு மறுபடியும் நாற்பது பேருக்குப் போகிறது என்றார். பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப அவருக்கு இரண்டு வருடம் ஆனது.