கரிச்சட்டியை வாசலிலேயே வையுங்கள்: மலையில் பச்சைக்குழந்தையின் பனி இரவு

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லைன்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) 18 வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். மார்கழி பிறந்துவிட்டால் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "நர்ஸம்மா, பிள்ளைக்குக் குளிருமே, என்ன பண்றது?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குளிருக்குப் பயந்து நாமே செய்கிற சில காரியங்கள் அந்தக் குளிரைவிட ஆபத்தானவை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி காலை. குழந்தை பிறந்து 21-வது நாள், வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய முறை. எட்டரை மணிக்குக் கதவைத் தட்டினேன். தாழ்ப்பாள் விலக வெகுநேரமானது. கதவடியில் சாக்குச் சுருட்டி வைத்திருந்தார்கள், ஜன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி. அறை நடுவில் இரும்புச் சட்டி, அதில் சாம்பல் பூத்த கரி. "ராவெல்லாம் ஒரே தலையிடி நர்ஸம்மா, பனி பிடிச்சிருச்சு போல" என்றார் பாட்டி. தாய் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். குழந்தை ரெண்டு கம்பளிக்கு அடியில், குல்லா புருவம் வரை இறங்கிக் கிடந்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் பால் குடித்தது, அதற்கப்புறம் கேட்கவே இல்லையாம். கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது.

அப்படியே அள்ளி வெளியே கொண்டுவந்தேன். மற்றவர்களையும் வெளியே வரச் சொல்லிவிட்டு 108-க்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு நாளில் திரும்பிவிட்டார்கள். நான் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்ற நினைப்பு இப்போதும் ஜனவரி வந்தால் வரும்.

"புகை அடங்கின பிறகுதானே நெருப்பை உள்ள எடுத்தோம்" என்று பாட்டி அழுதார். நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். புகையில்லாமல் செக்கச்செவேலென்று கனிகிற கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்கூட எரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை இது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைக்குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் சீக்கிரம் பாதிக்கப்படும், தலை வலிக்கிறதென்று சொல்லவும் அதற்கு வாயில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே வந்தால் தேவலை என்றால் அதைப் பனிப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் ஓடும் கேஸ் கீஸருக்கும் இதே எச்சரிக்கைதான்.

சரி, கரி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

முதலில் குழந்தையின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்குக் குளிர்ந்தால் நடுங்குகிறோம். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கிக்கொள்ளும். குறை மாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் கொழுப்பும் கொஞ்சம்தான். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் சரி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் புறங்கை போதும். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் கவலையில்லை. பாதம் சில்லென்று, வயிறு சூடாக இருந்தால் குளிர ஆரம்பித்திருக்கிறது, உடனே நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுங்கள். வயிறே சில்லென்று இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிடரியில் வியர்த்திருந்தால் துணி அதிகம், ஒன்றைக் கழற்றுங்கள்.

இந்த மலையில் நான் பார்த்தவரை குழந்தை குளிர்வதற்குப் பெரிய காரணம் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மேகமுமாக மூன்று நாளானாலும் துணி காயாது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஈரம் தெரியும். அயர்ன் பண்ணிப் போடுங்கள். நனைந்த துணியை ராத்திரியிலும் சோம்பல் படாமல் மாற்றுங்கள். தினமும் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்றில்லை. குளிப்பாட்டுகிற நாளில் வெயில் ஏறினபிறகு, சீக்கிரம் முடித்து, தலையை முதலில் துவட்டுங்கள். குளித்த பிறகு காட்டுகிற சாம்பிராணிப் புகை குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது.

உடுப்பு, அந்த அறையில் நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூட. உள்ளே பருத்தி, மேலே ஸ்வெட்டர், காலுக்கு சாக்ஸ். குல்லா விழித்திருக்கும்போதும் வெளியே தூக்கிப் போகும்போதும்தான். தூங்கும்போது அது நழுவி மூக்கை மூடும், உடம்புச் சூட்டையும் அளவுக்கு மேல் ஏற்றும். எடை குறைந்த குழந்தைக்கு மட்டும் டாக்டர் சொன்னபடி. கனத்த கம்பளியும் ரஜாயும் தலையணையும் குழந்தையின் படுக்கைக்கு வேண்டாம். ஒரு தாய், பழைய கம்பளிச் சால்வையை டெய்லரிடம் கொடுத்து, கையில்லாத பை போலத் தைத்து வாங்கியிருந்தாள். கழுத்துப் பக்கம் சரியான அளவு, அதனால் தலை உள்ளே போகாது. கீழே கால் உதைக்க இடமுண்டு. ராத்திரி போர்வை விலகுமோ என்ற கவலையே அவளுக்கு இல்லை. படுக்கையைச் சூடாக்க வேண்டுமானால் வெந்நீர்ப் பையை முன்னதாக வைத்து, குழந்தையைப் படுக்கவைக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், பகலானாலும் ராத்திரியானாலும். பால் எதுக்களித்துப் புரையேறும் என்று பாட்டிமார் பயப்படுவார்கள். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கின பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் இது தலைகீழ். 1990-களில் பல நாடுகள் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்ன பிறகு தூக்கத்திலேயே நேர்கிற திடீர்ச் சாவு பாதிக்கும் கீழே குறைந்தது.

தூளி நம்மோடு ஊறிப்போனது, தெரியும். ஆனால் ராத்திரி முழுக்க அதில் விடாதீர்கள். முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுவழி சுருங்கும். தாய்க்குக் கையெட்டும் தூரத்தில், கெட்டியான தனி மெத்தையே நல்லது. அப்பா, அம்மா நடுவில் கம்பளிக்குள் படுக்கவைப்பதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டில் யார் குடித்திருந்தாலும், தூக்க மாத்திரை போட்டிருந்தாலும், புகை பிடித்தாலும் குழந்தை அவர் பக்கத்தில் தூங்கக் கூடாது. இதை மாமியார் முன்னால் சொல்லக் கூச்சப்படும் பெண்கள் என் பேரைச் சொல்லிச் சொல்லட்டும்.

எடை குறைந்த குழந்தைக்கு நான் நம்புகிற ஹீட்டர் தாயின் நெஞ்சுதான். கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக் காக்கும் கங்காரு முறை 1978-ல் தொடங்கியது. அந்த ஊர் ஊட்டியைவிட உயரம், 2,600 மீட்டருக்கு மேல், அங்கேயும் குளிர்தான். டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, மூக்கும் வாயும் தெரிய மேலே துணியால் கட்ட வேண்டும். அப்பாவும் செய்யலாம். ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவி, சட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்ந்து உட்காருகிற ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். 1.9 கிலோவில் வந்த மகள் அவர் நெஞ்சில்தான் தேறினாள். கண் சொக்கினால் மட்டும் குழந்தையை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பால் குடிக்காவிட்டால், துவண்டு கிடந்தால், உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்துவிட்டு, வண்டி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வரும்வரை குழந்தையை உங்கள் ஸ்வெட்டருக்குள், தோலோடு தோலாக, முகம் மட்டும் வெளியே தெரிய வைத்திருங்கள். வண்டியில் ஏறின பிறகும் அப்படியே.